கழுதையின் தாய்வீடு

எகிப்தின் தென்பகுதியில், நைல் ஆற்றுக்கு மேற்கே, அபிதோஸ் என்றோர் இடுகாடு இருக்கிறது. எகிப்தை ஆண்ட முதல் அரச வம்சத்தார் அடங்கிய மண். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே அகழாய்வு செய்த அமெரிக்கக் குழு ஒன்று, ஆதி மன்னன் ஒருவனின் ஈமக்கோட்டத்தை ஒட்டிச் சில பச்சைச் செங்கல் கல்லறைகளைக் கண்டது. மன்னனுக்கு அத்தனை பக்கத்தில் இடம் கிடைத்திருக்கிறது என்றால் உள்ளே அமைச்சரோ அரண்மனை அதிகாரியோதான் இருக்க வேண்டும். திறந்து பார்த்தால் பத்துக் கழுதைகளின் எலும்புக்கூடுகள்.

சுமார் 5000 ஆண்டுகளுக்கு முன் புதைத்தவை. செத்த விலங்கைக் குழியில் தள்ளிய மாதிரி இல்லை. முழு உடலோடு, பக்கம் பக்கமாகக் கிடத்தியிருந்தார்கள். மறுமைக்குப் போகும் மன்னனுக்கு அங்கேயும் மூட்டை முடிச்சு சுமக்கத் துணை வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும்.

கழுதை எங்கே பிறந்தது என்று தேடிப் போகிற எவரும் இந்தக் கல்லறை வாசலில் ஒரு நிமிடம் நின்றுதான் ஆக வேண்டும். காரணம், அந்த எலும்புகள் இரண்டு விதமாகப் பேசின. ஸ்டீன் ரோசல், ஃபியோனா மார்ஷல் முதலிய ஆய்வாளர்கள் அவற்றை அளந்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். கால் எலும்பின் நீளத்தையும் பருமனையும் பார்த்தால் அவை காட்டுக் கழுதைகளைப் போலவே இருந்தன. முதுகைப் பார்த்தால் வேறு கதை. முள்ளெலும்புகள் நசுங்கித் தேய்ந்திருந்தன. தோள் மூட்டிலும் இடுப்பு மூட்டிலும் தேய்மானம். காட்டில் திரிந்த விலங்குக்கு முதுகு அப்படித் தேயாது. வருடக்கணக்காகப் பொதி சுமந்த முதுகு அது.

உடம்பு காட்டினுடையது, முதுகு வீட்டினுடையது. தொல்லியலாளர்களை நெடுங்காலம் குழப்பிய சிக்கலே இதுதான். ஆடும் மாடும் மனிதனிடம் வந்த பிறகு உடல் சிறுத்தன. எலும்பை வைத்தே இது காட்டினது, இது பட்டியினது என்று பிரித்துவிடலாம். கழுதை அப்படி மாறவில்லை. அதனால் பழைய ஊர்களில் கழுதை எலும்பு கிடைக்கும்போதெல்லாம், வேட்டையாடிக் கொண்டுவந்ததா, வளர்த்ததா என்று தீர்ப்புச் சொல்ல முடியாமல் போனது. எகிப்து என்றார்கள் சிலர். மேற்கு ஆசியா என்றார்கள் சிலர். எலும்பைக் கேட்டு ஓய்ந்தபின் குலம் கோத்திரம் விசாரிக்க வேண்டியதாயிற்று.

விசாரிக்க வேண்டிய சொந்தக்காரர்கள் அதிகம் பேர் இல்லை. ஆசியாவில் ஒரு கிளை: ஈரான், மங்கோலியா, சிரியா பக்கத்துக் காட்டுக் கழுதைகள், திபெத்தின் கியாங். நம் நாட்டில் கட்ச் பாலைவெளியில் திரிகிற ‘குர்’ கழுதையும் இந்தக் கிளையைச் சேர்ந்ததுதான். ஆப்பிரிக்காவில் இன்னொரு கிளை. அதில் இரண்டு குடும்பங்கள். செங்கடலை ஒட்டிய மலைகளிலும் சூடான் பாலையிலும் வாழ்ந்தது நூபியக் காட்டுக் கழுதை. எத்தியோப்பியா, எரித்திரியா, சோமாலியா பக்கம் வாழ்வது சோமாலிக் காட்டுக் கழுதை. இரண்டையும் அடையாளம் காண்பது எளிது. நூபியக் கழுதைக்கு முதுகு நெடுகிலும் ஒரு கறுப்புக் கோடு, அதைக் குறுக்கே வெட்டித் தோள்மீது இன்னொரு கோடு. சோமாலிக் கழுதைக்குத் தோள்கோடு பெரும்பாலும் இராது. ஆனால் கால்களில் வரிக்குதிரையின் காலைப்போல் பட்டை பட்டையாக வரிகள்.

இனி எங்காவது சாம்பல் நிறக் கழுதை எதிர்ப்பட்டால் அதன் தோளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சிலுவை போட்டாற்போல் அந்தக் குறுக்குக் கோடு பெரும்பாலும் இருக்கும்.

இந்தக் கோடுகளை முதலில் அக்கறையோடு கவனித்தவர்களில் சார்லஸ் டார்வின் ஒருவர். வளர்ப்பு விலங்குகளைப் பற்றி 1868-இல் அவர் எழுதிய நூலில், கழுதை அபிசீனியாவின் காட்டுக் கழுதையிலிருந்து, அந்த ஓர் இனத்திலிருந்து மட்டுமே வந்தது என்று முடிவு கட்டினார். அபிசீனியா என்பது இன்றைய எத்தியோப்பியா. கையில் மரபணு இல்லை, கருவி இல்லை, கண்ணும் தர்க்கமும்தான். அவர் சொன்னது சரிதானா என்று பார்க்க 136 ஆண்டுகள் பிடித்தன.

2004-இல் அல்பானோ பெஜா-பெரைரா தலைமையிலான குழு 52 நாடுகளிலிருந்து கழுதைகளின் டி.என்.ஏ. மாதிரிகளைத் திரட்டியது. அவர்கள் படித்தது மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வை. உயிரணுவுக்கு வேண்டிய ஆற்றலைத் தயாரித்துத் தரும் இந்தச் சின்ன உறுப்புக்குத் தனியாக ஒரு டி.என்.ஏ. உண்டு. அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும். தகப்பனுக்கு அதில் பங்கில்லை. ஆகவே அதைப் படித்தால் தாய், தாயின் தாய், அவள் தாய் என்று ஒரே கொடியைப் பிடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பின்னால் போகலாம். வழியில் எங்கெங்கே எழுத்துப் பிழை விழுந்தது என்று எண்ணினால் எந்தக் கொடி எதிலிருந்து பிரிந்தது என்பது தெரிந்துவிடும்.

போய்ப் பார்த்தால் ஆசியக் கிளையின் வாசலுக்கே எந்தக் கொடியும் போகவில்லை. ஈரானியக் கழுதையும் கட்ச் கழுதையும் திபெத்தின் கியாங்கும் வீட்டுக் கழுதைக்குத் தூரத்துச் சொந்தம், தாய்வீடு இல்லை. உலகத்தின் வளர்ப்புக் கழுதைகள் அனைத்தும் இரண்டு தாய்க்கொடிகளில் அடங்கின, இரண்டும் ஆப்பிரிக்காவை நோக்கின. வளர்ப்பு விலங்குகளில் மாடு, ஆடு, பன்றி, குதிரை எல்லாவற்றுக்கும் ஆசியாவிலேயே ஊர் தேடிப் பழகியிருந்தவர்களுக்கு இது புதிய திசை. உலகம் முழுக்கப் பரவிய சுமை விலங்கு ஒன்றை ஆப்பிரிக்கா தந்திருக்கிறது.

அடுத்த கேள்வி, ஆப்பிரிக்காவில் எந்த வீடு? நூபியக் கழுதையை நம்பகமாகக் கண்டு பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அற்றுப்போனது என்றே கருதுகிறார்கள். அதனால் பிர்கிட்டா கிமுராவும் மார்ஷலும் அவர்களுடைய கூட்டாளிகளும் அருங்காட்சியகங்களில் கிடந்த பழைய எலும்பையும் தோலையும் நாடிப் போனார்கள். 2010-இல் விடை கிடைத்தது. இரண்டு தாய்க்கொடிகளில் ஒன்று நூபியக் கழுதையோடு பொருந்தியது. மற்றது சோமாலிக் கழுதையிடமிருந்து வந்திருக்கும் என்று எதிர்பார்த்தார்கள், பொருந்தவில்லை. சோமாலிக் கழுதை தாயில்லை, சித்தி. இரண்டாவது தாய் யாருடைய அலமாரியிலும் இல்லாத ஒரு காட்டுக் கூட்டத்தைச் சேர்ந்தவள், அந்தக் கூட்டம் மறைந்தே போயிருக்க வேண்டும் என்ற இடத்தில் அந்த ஆய்வு நின்றது.

இரண்டு தாய்க்கொடி என்றால் கழுதை இரண்டு முறை, இரண்டு இடத்தில் பிறந்ததா? தாய்க்கொடி ஒன்றை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. ஒரே ஊரில் பெண் எடுத்தவர்களின் பாட்டிமார் இரண்டு ஊர்க்காரர்களாக இருக்கலாம் அல்லவா? தாய்வழி, தந்தைவழி இரண்டையும் சேர்த்து முழு மரபணுத்தொகையையும் படித்தாக வேண்டும். பிரான்சின் துலூஸ் நகரில் லுடோவிக் ஓர்லாண்டோவின் ஆய்வுக்கூடம் அதைச் செய்தது. 207 இன்றைய கழுதைகள், 31 பழங்காலக் கழுதைகள், 15 காட்டு உறவுகள். ஈவ்லின் டாட் முதல் ஆசிரியராக 2022-இல் வெளியான அந்த ஆய்வின் தீர்ப்பு இது: கழுதை ஒரே முறைதான் வீட்டு விலங்கானது, ஆப்பிரிக்காவில், ஏறக்குறைய கி.மு. 5000-இல். கிழக்கு ஆப்பிரிக்காதான் பிறந்த மண் என்பது அவர்கள் கணிப்பு. அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குள் பரவி, கி.மு. 2500 வாக்கில் வெளியேறி, ஐரோப்பா, ஆசியா எங்கும் கால் பதித்திருக்கிறது. குதிரை வீட்டுக்கு வந்ததற்கு மூவாயிரம் ஆண்டுகள் முந்திய கதை.

ஏன் அப்போது? ஏன் அங்கே? சகாரா ஒருகாலத்தில் புல்வெளியும் ஏரிகளுமாக இருந்த நிலம். அங்கே மாடு மேய்த்தவர்கள் இருந்தார்கள். மழை குறைந்து நிலம் காயக் காய, புல் இருக்கும் இடத்துக்கும் தண்ணீர் இருக்கும் இடத்துக்கும் நடுவில் தூரம் கூடிக்கொண்டே போனது. மாட்டுக்குத் தண்ணீர் இல்லாமல் நாள் நகராது. குடிநீரையும் குழந்தைகளையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் யார் சுமப்பது? கழுதையின் உடம்பு இந்த வேலைக்கே செய்தாற்போல் இருந்தது. தன் எடையில் 30 சதவீதம் வரை நீர் வற்றினாலும் அது சாய்ந்துவிடாது. தண்ணீரைக் கண்டதும் இழந்த அத்தனையையும் சில நிமிடங்களிலேயே குடித்து ஈடுகட்டும். காய்ந்த புல்லையும் முள்ளையும் தின்று காலம் தள்ளும். மற்ற விலங்குகளை மனிதன் இறைச்சிக்காகவும் பாலுக்காகவும் முதலில் பிடித்துக் கட்டினான். கழுதையை நடைக்காகக் கட்டினான்.

அபிதோஸ் எலும்புகள் ஏன் காட்டு உடம்பாகவே இருந்தன என்பதற்கும் விடை மேய்ச்சல்காரர்களிடமே கிடைத்தது. ஃபியோனா மார்ஷல் கென்யாவின் மசாய் மக்களிடம் போய் அவர்கள் கழுதை வளர்ப்பதைப் பார்த்தார். தண்ணீர் கொண்டுவரவும் குடியிருப்பை மாற்றும்போது சாமான் ஏற்றவும் கழுதையை நடத்துகிறவர்கள் அங்கே பெண்கள். வேலை முடிந்ததும் கழுதை தன்பாட்டில் மேயப் போய்விடும். எதோடு எது சேர வேண்டும் என்று யாரும் பார்ப்பதில்லை. பழங்காலத்தில் மேயப் போன இடத்தில் காட்டுக் கழுதையோடு சேர்ந்திருக்கும். காட்டுப் பெட்டைகளும் பட்டிக்கு வந்து சேர்ந்திருக்கும். அழகுக்காகவோ பாலுக்காகவோ பொறுக்கி எடுக்காத விலங்கு. காட்டு இரத்தம் இடைவிடாமல் கலந்த விலங்கு. பிறகு உடம்பு எங்கே மாறும்? கழுதையைக் கொஞ்சமாக வைத்திருக்கிறவர்கள் ஏழைகள், இனப்பெருக்கத்தை அவர்கள் கவனிப்பதில்லை, அதனால்தான் அது அதிகம் வேறுபடவில்லை என்று டார்வினும் எழுதியிருக்கிறார்.

அதே விலங்குதான் அரசுகளைத் தூக்கி நிறுத்தியது. எகிப்துக்குக் குதிரை வந்து சேர்ந்தது கி.மு. 1600-ஐ ஒட்டி, ஒட்டகம் வழக்கத்துக்கு வந்தது அதற்கும் வெகுகாலம் கழித்து. அதுவரை பாலைவனப் பாதை முழுவதும் கழுதையின் குளம்படியில்தான் கிடந்தது. அஸ்வானில் உள்ள தன் கல்லறைச் சுவரில் ஹர்குஃப் என்ற எகிப்திய அதிகாரி பெருமையாகப் பொறித்து வைத்திருக்கிறான்: தெற்கே யாம் நாட்டுக்குப் போய் 300 கழுதைகளில் சாம்பிராணியும் கருங்காலியும் யானைத் தந்தமும் ஏற்றிக்கொண்டு வந்தானாம். கி.மு. 1900 வாக்கில் அசூர் நகரத்து வணிகர்கள் வெள்ளீயத்தையும் துணிகளையும் கழுதைமேல் ஏற்றி, இன்றைய துருக்கியில் உள்ள கானேஷ் வரை ஏறக்குறைய 1000 கிலோமீட்டர் நடத்திச் சென்றார்கள். அவர்கள் விட்டுப்போன களிமண் கடிதங்கள் ஆயிரமாயிரமாய்க் கிடைத்திருக்கின்றன. கழுதைக்கு என்ன விலை, தீவனத்துக்கு என்ன செலவு என்ற கணக்குகளும் அவற்றில் உண்டு.

ஒரு தனிக் கழுதையின் பயணமும் நமக்குத் தெரியும். இஸ்ரேலில் தெல் எஸ்-சாஃபி என்ற இடத்தில், 4500 ஆண்டுகளுக்கும் முந்திய வீடு ஒன்றின் தரைக்கடியில் புதைத்திருந்த கழுதையின் பல்லைச் சோதித்தார்கள். குட்டிப் பருவத்தில் தின்ற புல்லும் குடித்த தண்ணீரும் பல்லின் எனாமலில் வேதித் தடயமாகத் தங்கிவிடும். அந்தத் தடயம் நைல் சமவெளியைக் காட்டியது. எகிப்தில் பிறந்து, பொதியோடு நடந்து வந்து, அயல் மண்ணில் அடங்கிய கழுதை.

போன இடங்களில் கழுதைக்குப் புதிய வேலைகளும் வந்தன. சிரியாவின் உம் எல்-மர்ராவில் அரசகுடிக் கல்லறைகளில், 4500 ஆண்டுகளுக்கு முந்திய 25 விலங்குகளின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. அவை குதிரையும் இல்லை, கழுதையும் இல்லை. பழைய களிமண் ஏடுகள் ‘குங்கா’ என்று குறிப்பிடும் போர்த்தேர் விலங்கு அதுதானோ என்ற சந்தேகம் ஆய்வாளர்களுக்கு. அந்த ஏடுகளின்படி குங்காவின் விலை கழுதை விலையைப்போல் ஆறு மடங்கு வரை. 2022-இல் பாரிஸ் மரபியலாளர்கள் ஈவா-மரியா கைகலும் தியரி கிராஞ்சும் அவர்கள் குழுவும் இதைத் தீர்த்து வைத்தார்கள். மைட்டோகாண்ட்ரியா தாயைச் சொன்னது: வீட்டுக் கழுதை. ஒய் குரோமோசோம் தகப்பனைச் சொன்னது: சிரியக் காட்டுக் கழுதை. மனிதன் திட்டமிட்டு உருவாக்கிய கலப்பினங்களில் நமக்குத் தெரிந்த மிகப் பழையது இது. தகப்பனை அடையாளம் காண ஒப்பிட்டுப் பார்த்த உடல்களில் ஒன்று, சிரியக் காட்டுக் கழுதைகளில் கடைசியானது. 1927-இல் வியன்னா விலங்குக்காட்சி சாலையில் அது செத்தபோது அந்த இனமே முடிந்துபோனது.

ரோமானியர்களுக்குக் கோவேறு கழுதை வேண்டியிருந்தது. படைக்கும் வணிகத்துக்கும் அதைவிட உழைக்கும் விலங்கு இல்லை. ஆனால் குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62; இரண்டுக்கும் பிறக்கும் கோவேறு கழுதைக்கு 63. ஒற்றைப்படை ஆனதால் அது ஈனாது. ஒவ்வொரு தலைமுறைக்கும் மறுபடி ஆண் கழுதையைத்தான் தேட வேண்டும். பிரான்சின் வடகிழக்கில் ஒரு ரோமானியப் பண்ணை வீட்டில் கிடைத்த கழுதைகள் 155 சென்டிமீட்டர் உயரம் நின்றிருக்கின்றன. இன்றைய கழுதையின் சராசரி 130 தான். நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்து வளர்த்த தடயம் அவற்றின் மரபணுவில் இருந்தது. பெரிய குதிரைப் பெட்டைக்கு ஏற்ற பெரிய கழுதையை அங்கே வேண்டுமென்றே உருவாக்கியிருக்கிறார்கள்.

கிழக்கே வந்த கழுதைகளுக்கு வழியில் ஓர் உறவு சேர்ந்தது. மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில், கி.மு. 200-ஐ ஒட்டி வாழ்ந்த ஒரு கழுதை மரபை துலூஸ் குழு கண்டுபிடித்தது; ஆசியாவுக்குள் போகப் போக அதன் பங்கு கூடுகிறது. தமிழகத்துக்கு வந்த கழுதையும் ஆப்பிரிக்கக் கழுதையின் பேரன் பேத்திதான். பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி ஏற்றிய கழுதைச் சாத்து நடந்து போகிறது. சுமையின் தழும்பு அவற்றின் முதுகில் ஆழப் பதிந்திருப்பதைப் புலவர் பார்த்திருக்கிறார். அபிதோஸ் கல்லறையில் எலும்பில் தெரிந்ததே இங்கே தோலில் தெரிகிறது.

இன்று உலகில் சுமார் 5 கோடிக் கழுதைகள் இருக்கின்றன என்று மதிப்பிடுகிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆப்பிரிக்காவில். அவற்றுக்கு இப்போது தோல்தான் பகை. சீனத்தில் ‘எஜியாவ்’ என்ற மருந்துப் பசையைக் கழுதைத் தோலைக் காய்ச்சி எடுக்கிறார்கள். அதற்காக ஆப்பிரிக்கக் கழுதைகள் இலட்சக்கணக்கில் வெட்டுப்பட, தண்ணீர் சுமக்கத் துணையில்லாமல் போன பெண்கள் தாங்களே சுமக்கலானார்கள். 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் உச்சி மாநாடு, தோலுக்காகக் கழுதையைக் கொல்வதற்குக் கண்டம் முழுக்கத் தடை விதிக்க முடிவெடுத்தது. நம் நாட்டில் கழுதைக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது: 2012 கணக்கெடுப்பில் 3.2 இலட்சம், 2019-இல் 1.2 இலட்சம்.

அந்த உச்சி மாநாடு நடந்த அடிஸ் அபாபா, எத்தியோப்பியாவின் தலைநகரம். உலகிலேயே அதிகக் கழுதைகள் உள்ள நாடு எத்தியோப்பியாதான். அதே நாட்டின் வடகிழக்கில், டனாகில் பாலையின் எரிமலைப் பாறைகளுக்கு நடுவிலும், எல்லைக்கு அந்தப்புறம் எரித்திரியாவிலும்தான் ஆப்பிரிக்கக் காட்டுக் கழுதையின் கடைசிக் கூட்டங்கள் உயிரோடு இருக்கின்றன. கால்நடைகள் பெருகப் பெருகப் புல்லும் நீரும் அவற்றுக்குக் கிடைப்பதில்லை. இறைச்சிக்கும் நாட்டு மருந்துக்கும் வேட்டையாடுகிறார்கள். இன்னோர் ஆபத்து வீட்டிலிருந்தே வருகிறது: ஒரே நீர்த்துறைக்கு வரும் வளர்ப்புக் கழுதையோடு கலந்தால் காட்டு மரபு நீர்த்துப்போகும். ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன் கழுதையை உருவாக்க உதவிய கலப்பு, இன்று அதன் காட்டு உறவைக் கரைக்கக் காத்திருக்கிறது.

அந்தக் காட்டுக் கழுதைகளில் இனப்பெருக்கம் செய்யும் வயதில் உள்ளவை அதிகம் போனால் 200 என்று, இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியமான ஐ.யூ.சி.என். மதிப்பிடுகிறது. பிள்ளைகள் 5 கோடி. தாய்வீட்டில் விளக்கேற்ற 200 பேர்கூட நிச்சயமில்லை.